காகிதம் இருக்கிறது, வரலாறு எங்கே?



1909ஆம் ஆண்டு சென்னைப் பட்டணத்தில் இரண்டு அச்சு வேலைகள் நடந்துகொண்டிருந்தன.

ஒன்று அரசாங்க அச்சகத்தில். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய ஏழு தொகுதிகள் அந்த ஆண்டு வெளிவந்தன. மூக்கின் அகலம் எவ்வளவு, மண்டையின் நீளம் எவ்வளவு என்று கருவி வைத்து அளந்து எழுதிய புத்தகம். இன்னொன்று ராயப்பேட்டையில். பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, ஓராண்டு கழித்து 'தமிழன்' என்று பெயர் மாற்றி, வாரந்தோறும் நடத்திவந்த பத்திரிகை. முதலாவதில் நாம் அளக்கப்பட்டோம். இரண்டாவதில் நாம் பேசினோம்.

இன்றைக்கு நம் கல்லூரி மாணவர் ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எது சுலபமாகக் கிடைக்கிறது? தர்ஸ்டன். ஏழு தொகுதியும் முழுசாக, தேடிப் படிக்கும்படி, காசில்லாமல். அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். அவருடைய நூல்களைக் கோலார் தங்கவயலில் சித்தார்த்தா புத்தகசாலை மறுபதிப்புச் செய்து காப்பாற்றியது. பத்திரிகைப் பிரதிகளை அன்பு பொன்னோவியம் போன்ற பெரியவர்கள் வீட்டில் கரையானுக்குத் தப்பவைத்துப் பாதுகாத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தது 1999இல். 85 ஆண்டுகள். ஒரு மனிதன் பிறந்து, வளர்ந்து, கிழவனாகிச் சாகிற காலம்.

இரண்டுக்குமே பதிப்புரிமைக் காலம் என்றைக்கோ முடிந்துவிட்டது. சட்டத்தின் முன்னால் இரண்டும் பொதுச்சொத்து. அப்புறம் எதனால் இந்த வித்தியாசம்? காகிதத்தை யார் வெளியே எடுத்தார்கள், எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதனால்தான். காப்பகத்தைத் திறப்பது நூலகத் துறைக்காரர்களின் தொழில் விஷயம் என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது. அது அரசியல். யாருடைய வாயிலிருந்து நம்மைப் பற்றிக் கேட்கப் போகிறோம் என்கிற அரசியல்.

இந்த இதழின் தலையங்கத்தை விக்கிப்பீடியாவுக்கும் காப்பகங்களுக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதுகிறேன். 'போராட்டம் நடக்கிற நேரத்துல இது எதுக்கு?' என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

விக்கிப்பீடியா யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்கிற கலைக்களஞ்சியம். தமிழில் 2003இல் தொடங்கி, இன்றைக்கு ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டி நிற்கிறது. தேடுபொறியில் ஒரு பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அதன் பக்கம்தான். கேட்டதற்குப் பதில் சொல்லும் செயற்கை அறிவு எந்திரங்களும் அதைப் படித்துத்தான் பேசக் கற்றுக்கொண்டன. அதற்குத் துணையாக இரண்டு இடங்கள் உண்டு: படங்களையும் ஆவண நகல்களையும் வைக்கிற பொதுவகம், பழைய நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து வைக்கிற விக்கிமூலம்.

நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் பழைய பேரேடுகளில் ஒரு விதி உண்டு. தப்பாக எழுதிய தொகையைச் சுரண்டி அழிக்கக் கூடாது. பழைய எண் படிக்கிற மாதிரி ஒரு கோடு போட்டு, மேலே சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தெரிய வேண்டும். விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் அப்படியொரு வரலாற்றுப் பக்கம் இருக்கிறது. எந்தப் பயனர் எந்த நிமிஷத்தில் எந்த வரியை எடுத்தார் என்று யாரும் பார்க்கலாம். தோல் அட்டை போட்ட கலைக்களஞ்சியங்களில் நம்மைப் பற்றிய வரியை எந்த மேதாவி வெட்டினார் என்று நாம் எப்போதாவது பார்க்க முடிந்ததா? விக்கிமூலத்தில் வங்கி முறை இன்னும் பச்சையாகத் தெரிகிறது. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சள் நிறம். இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் பச்சை. ஒரே ஆள் இரண்டு கையெழுத்தும் போட முடியாது.

காப்பகங்கள் இங்கே வந்து என்ன செய்தன? 2008 டிசம்பரில் ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் 80,000க்கும் மேற்பட்ட புகைப்படங்களைப் பொதுவகத்துக்குக் கொடுத்தது. அவற்றில் பல நாஜிக் காலத்துப் படங்கள். படத்தின் அடியில் அன்றைய அதிகாரம் எழுதிய விளக்கமும் அப்படியே இருந்தது. காப்பகம் அதை மறைக்கவில்லை. இது மூல விளக்கம், இதில் பிழையும் ஒருதலைச் சார்பும் தீவிர அரசியலும் இருக்கலாம் என்று எச்சரிக்கைக் குறிப்பு சேர்த்தது. பார்த்தவர்கள் பிழைகளைக் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டார்கள். படத்தில் இருப்பவர் இன்னார், இடம் இன்ன இடம் என்று எழுதினார்கள். நாலு பேர் உட்கார்ந்து செய்கிற வேலையை ஆயிரம் பேர் பகிர்ந்துகொண்டார்கள். அமெரிக்காவின் தேசிய ஆவணக் காப்பகம் 2011இல் விக்கிப்பீடியர் ஒருவரைத் தன் அலுவலகத்திலேயே உட்காரவைத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவண நகல்களைப் பொதுவகத்தில் ஏற்றியது.

எல்லாரும் இப்படி வாசலைத் திறந்துவிடவில்லை. லண்டன் தேசிய உருவப்பட அரங்கின் மூவாயிரத்துக்கும் அதிகமான ஓவியப் படங்களை ஒரு தன்னார்வலர் பொதுவகத்தில் ஏற்றினார். 2009இல் அவருக்கு வழக்குப் போடுவோம் என்று கடிதம் வந்தது. வரைந்தவர்கள் செத்து நூற்றாண்டுகள் ஆகியும், படம் பிடித்த உரிமை எங்களுடையது என்றார்கள். பூட்டுக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைக்கும்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஹார்லெமில் இருக்கிறது. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஆர்துரோ ஷோம்பர்க்கிடம் சின்ன வயதில் ஓர் ஆசிரியர் கறுப்பர்களுக்கு வரலாறு கிடையாது என்று சொன்னாராம். அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கக் கறுப்பின மக்களின் நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் சேர்த்தார். 1926இல் அந்தச் சேகரிப்பை நியூயார்க் பொது நூலகம் 10,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது. அதுதான் இன்றைய ஷோம்பர்க் மையம். ஆவணம் சேர்ந்தாயிற்று. ஆனால் கலைக்களஞ்சியத்தில் கறுப்பர்களின் பக்கங்கள் காலியாகக் கிடந்தன. 2015இல் நியூயார்க்கில் தொடங்கிய 'ஆஃப்ரோகிரவுட்' என்ற முயற்சி, கறுப்பின மக்களை நூலகங்களில் கூட்டி உட்காரவைத்து, புத்தகத்தைக் கையில் கொடுத்து, விக்கிப்பீடியாவில் எழுதக் கற்றுக்கொடுத்தது. 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் எங்கிருந்து பெயர் எடுத்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு, இதிலிருந்தும் என்ன எடுக்கலாம் என்று தெரியும்.

தமிழில் இது நடக்காத விஷயமல்ல. 2016 வாக்கில் தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேலாகத் தமிழ் விக்கிமூலத்துக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தது. எழுத்துணரி மென்பொருள் முதலில் படிக்கிறது, மனிதர்கள் திருத்துகிறார்கள். கடல் தாண்டி ஈழத் தமிழர்கள் 2005 முதல் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தை நடத்துகிறார்கள். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு தீப்பந்தம் போதும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

சரி, நம் காகிதங்கள் எவை?

செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை. அதன் பேரில் 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணை 1010. பஞ்சமி நிலத்தின் தாய்ப்பத்திரம் அது. அந்த நிலத்துக்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். ரெட்டமலை சீனிவாசன் 1893 முதல் 1900 வரை நடத்திய 'பறையன்' இதழ். 1922இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானமும், அதையொட்டி அதே ஆண்டு மார்ச் 25இல் வந்த அரசாணை 817ம். பஞ்சமர் என்று இனி எழுதாதே, ஆதிதிராவிடர் என்று எழுது என்று அரசாங்கத்தின் கையைப் பிடித்துத் திருத்தியது அந்தக் காகிதம். நமக்கு எவனோ பெயர் வைத்தான் என்று பேசுகிறவர்களுக்கு, நாமே நமக்குப் பெயர் வைத்துக்கொண்ட ஆதாரம்.

தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிற ஒரு விவசாயக் கூலியின் மகள் தன் செல்போனில் 'அரசாணை 1010' என்று தட்டியதும் அந்த ஆணையின் நகல் தெரிந்து, கீழே தமிழில் விளக்கமும், எந்தக் காப்பகத்தில் எந்த எண்ணில் மூலம் இருக்கிறது என்ற விவரமும் வந்தால் என்ன ஆகும்? 'அப்படி ஒண்ணும் கிடையாதும்மா, போ' என்று சொல்கிற வாய் ஒரு நிமிஷமாவது தடுமாறும். நான் கேட்பது அந்த ஒரு நிமிஷம். நிலத்தை மீட்கப் போராட்டம் வேண்டும். போராடப் போகிறவர் கையில் காகிதம் வேண்டும்.

சட்டம் பல இடங்களில் நம் பக்கம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டு முடிந்தால் அவர் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்து பொதுவுடைமை. அயோத்திதாசர், எம்.சி. ராஜா, ரெட்டமலை சீனிவாசன் காலத்து எழுத்துகளுக்குத் தடையில்லை. பாபாசாகேப் அப்படிப் பொதுவானது 2017 ஜனவரி முதல். என். சிவராஜ் 2025 ஜனவரி முதல். அரசாங்க வெளியீடுகளுக்கும் வெளிவந்ததிலிருந்து 60 ஆண்டுதான். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டமோ, நடந்து 20 ஆண்டு ஆன விஷயங்களைச் சில விலக்குகள் தவிர மறைக்கக் கூடாது என்கிறது. சாவி நம் கையில். பூட்டைத்தான் தொட்டுப் பார்க்கவில்லை.

இனிச் சிக்கல்களுக்கு வருகிறேன். விக்கிப்பீடியாவை ஏதோ சமத்துவபுரம் என்று நான் சொல்ல வரவில்லை.

முதல் சிக்கல் அதன் சான்று விதி. ஓர் ஆவணத்தை நீங்களே படித்து நீங்களே முடிவு சொல்லக் கூடாது. அதை ஆராய்ந்து அச்சில் வந்த நூலையோ இதழையோ காட்ட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சகம் யார் கையில் இருந்தது? பல்கலைக்கழகத் துறை யார் கையில் இருந்தது? நம் பாட்டி ஒப்பாரியில் வைத்திருக்கிற வரலாற்றுக்கு எந்தப் பக்க எண்ணைக் காட்டுவது? 2011இல் இந்தக் கேள்வியை எழுப்பி, மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பேடி ஆகிய மொழிகளில் வாய்மொழிச் சான்றுகளைப் பதிவு செய்து மேற்கோளாகக் காட்டும் ஒரு முயற்சி நடந்தது. அது இன்னும் பொது விதியாகிவிடவில்லை. எனவே இரண்டு வேலையும் செய்ய வேண்டும். ஆவணத்தின் படம் பொதுவகத்தில், அதன் எழுத்து விக்கிமூலத்தில்; இந்த இரண்டு இடத்திலும் மூல ஆவணமே போதும். கூடவே நம் ஆய்வாளர்களும் நம் இதழ்களும் அந்த ஆவணங்களைப் பற்றி அச்சில் எழுத வேண்டும். சிற்றிதழ்க் கட்டுரை நாளைக்கு அடிக்குறிப்பாகும்.

இரண்டாவது, சாதி. அது எங்கேதான் இல்லை? ஆண்ட பரம்பரைக் கதைகளை அள்ளிக் கொட்டுகிறவர்களால் ஆங்கில விக்கிப்பீடியா 2012லேயே சாதிக் கட்டுரைகளுக்கென்று தனிக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியிருந்தது. நம் பக்கங்களிலும் வந்து கைவைப்பார்கள். 'அழிச்சிட்டா என்ன பண்றது தோழர்?' என்று இதழ்க் கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். அழித்தது வரலாற்றுப் பக்கத்தில் கிடக்கும், ஒரு சொடுக்கில் திரும்ப வரும். ஆனால் அதற்கு ஆள் வேண்டும். கவனிப்புப் பட்டியலில் பக்கத்தைப் போட்டுவைத்து, உரையாடல் பக்கத்தில் சான்றோடு வாதாடுகிற ஆள். அந்த ஆள் நாமாக இல்லையென்றால் வேறு யாராவது இருப்பார்கள்.

அதே கூட்டத்தில் இன்னொரு தோழர் சூடாகக் கேட்டார்: "நம்ம சனம் பட்ட பாட்ட நாம கஷ்டப்பட்டுத் தேடி எடுத்து வைப்போம். எவனோ வந்து அதுல டாக்டர் பட்டம் வாங்கிட்டுப் போவான். அதுக்கா?" அவர் கோபம் நியாயமானது. ஜெர்மன் காப்பகமும் தன் பெயரைப் போடாமல் படங்களை எடுத்து ஆண்டவர்களால் சலித்துப்போய், பிறகு மேற்கொண்டு கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். பூட்டியிருக்கும்போதும் அந்த 'எவனோ' உள்ளே போகிறான். அவனிடம் பேராசிரியரின் கடிதம் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, விடுப்பும் உதவித்தொகையும் இருக்கிறது. பூட்டு அவனைத் தடுப்பதில்லை. தினக்கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்து வர முடியாத நம்மைத்தான் தடுக்கிறது.

மூன்றாவது சிக்கல் நம்முடையது. எல்லாவற்றையும் திறந்துவிடக் கூடாது. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர், முகவரி, முதல் தகவல் அறிக்கை நகல், சாட்சி சொன்னவரின் புகைப்படம் ஆகியவை பொதுவகத்துக்குப் போகக் கூடாது. அந்த மக்கள் இன்னும் அதே ஊரில், அதே தெருவில் குடியிருக்கிறார்கள். செத்தவர்களின் உடலைக் காட்டுகிற படங்களையும் குடும்பத்தைக் கேட்காமல் வைக்கக் கூடாது. தர்ஸ்டன் கேட்காமல் அளந்தார் என்று சொல்லிவிட்டு நாமும் கேட்காமல் படம் காட்டலாமா? கலெக்டர் கோப்புகளில் நம்மை இழிவாக எழுதிய சொற்களை மட்டும் மழுப்ப வேண்டாம். அவை எழுதியவனின் சாட்சியம். ஜெர்மன்காரர்கள் செய்த மாதிரி மூலத்தை அப்படியே வைத்து, பக்கத்தில் எச்சரிக்கையும் விளக்கமும் வைப்போம்.

காப்பகங்களிடம் நாம் கேட்க வேண்டியவை இவை. உரிமைக் காலம் முடிந்த ஆவணங்களை, முதலில் நிலம், பள்ளி, கோயில் நுழைவு, கூலி பற்றியவற்றை, நகலெடுத்துப் பொதுவகத்தில் வையுங்கள். கோப்பு எண், தேதி, துறை எல்லாம் சேர்த்து வையுங்கள். எண் இல்லாத நகல் வெறும் படம். பட்டியலையாவது உடனே திறந்துவிடுங்கள். என்ன இருக்கிறது என்றே தெரியாதவர் எதைக் கேட்பார்? மாதம் ஒரு நாள், அறிமுகக் கடிதம் கேட்காமல், மாணவர்களை உள்ளே உட்காரவைத்து எழுதவிடுங்கள். நாங்கள் சுட்டிக்காட்டும் பிழைகளை உங்கள் பட்டியலிலும் திருத்துங்கள்.

கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்கப் போவதில்லை. இந்த இதழில் இதுவரை வந்த தலையங்கங்களையும் ஆசிரியர் குழு எழுதிய கட்டுரைகளையும், பெயர் சொல்லி யாரும் எடுத்தாளலாம், எடுத்தாண்டதை அதே உரிமத்தில் எல்லாருக்கும் தரவேண்டும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடுவதாகக் குழு முடிவெடுத்திருக்கிறது. கவிதைகளும் கதைகளும் எழுதியவர்களுக்குச் சொந்தம். ஒவ்வொருவரையும் கேட்டு, சம்மதித்தவர்களுடையதை மட்டும் விடுவோம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில், உங்கள் தெருவில், தகரப் பெட்டிக்குள்ளும் பரண் மேலும் பழைய நோட்டீஸ்கள், சங்க ரசீதுகள், மாநாட்டு மலர்கள், மனு நகல்கள் கிடக்கின்றன. வைத்திருப்பவரின் அனுமதி கேட்டு நகலெடுங்கள். மூலத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். அடியில் பொடி எழுத்தில் இருக்கிற அச்சகத்தின் பெயரை விட்டுவிடாதீர்கள். தேதி இல்லாத நோட்டீசுக்குப் பல சமயம் அதுதான் தேதி. யார் கொடுத்தார், அவர் இதைப் பற்றி என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். ஒரு மாதத்தில் ஒரே ஒரு நோட்டீசை விக்கிமூலத்தில் முழுசாகத் தட்டச்சு செய்து முடியுங்கள். அடுத்த ஊர்த் தோழர் அதைச் சரிபார்க்கட்டும். மஞ்சள் பச்சையாகட்டும்.

அடுத்த இதழ் அச்சுக்குப் போகுமுன் எத்தனை பக்கம் பச்சையாகியிருக்கிறது என்று கணக்குக் கேட்பேன். குமாஸ்தா புத்தி, என்ன செய்ய.